1-ஏ, 2-எஸ், 4-எஃப்: அமெரிக்காவோட அறுபதுகளை ஆட்டி வச்ச சின்ன அட்டை

அறுபதுகள்ல அமெரிக்கான்னு சொன்னா மூணு படம் தனித்தனியா கண்ணுக்கு வரும். மைக் முன்னாடி மார்ட்டின் லூதர் கிங், வயல்வெளியில இறங்குற ஹெலிகாப்டர், தெருவுல கோஷம் போடுற காலேஜ் பசங்க. இந்த மூணையும் மூணு வேற வேற கதையா படிச்சு வச்சிருக்கறதால நிறைய கேள்விக்கு பதில் பாதியிலயே நிக்குது. ஒரு குத்துச்சண்டை சாம்பியனோட பட்டத்தை எதுக்குப் பிடுங்குனாங்க, கறுப்பின உரிமைக்காகப் போராடின ஒரு பாதிரியார் எதுக்கு வியட்நாம் பத்தி பேசப் போய் திட்டு வாங்கினார், ஓட்டு போடுற வயசு 21-ல இருந்து திடீர்னு 18 ஆனதுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம், எல்லாமே சுத்திச் சுத்தி ஒரே இடத்துலதான் வந்து முடியுது. டிராஃப்ட். அதாவது கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பு. அந்த மெஷின் எப்படி ஓடிச்சுன்னு புரிஞ்சுட்டா மத்தது தானா புரியும்.

டிராஃப்ட் எப்படி வேலை செஞ்சுது

சட்டம் 1948-லயே வந்தாச்சு, வியட்நாமுக்காகப் போட்டது இல்ல. ஆம்பளைப் பசங்க 18 வயசானதும் போய் பேர் பதியணும், பதிஞ்சா கையில ஒரு அட்டை வரும், அந்த அட்டையில உனக்கு என்ன வகைன்னு ஒரு நம்பரும் எழுத்தும் இருக்கும். அந்த வகைதான் தலையெழுத்து. எல்லா வகையையும் சொன்னா பக்கம் பத்தாது, முக்கியமானது மட்டும்:

1. 1-ஏ: எப்ப வேணா கூப்பிடலாம், ரெடியா இரு.
2. 2-எஸ்: காலேஜ்ல படிக்கிறான், இப்போதைக்கு விடு.
3. 3-ஏ: இவன் போயிட்டா குடும்பம் நடுத்தெருவுல நிக்கும், விடு.
4. 1-ஓ: மனசாட்சி காரணமா எந்தப் போரும் கூடாதுங்கறவன். இவனுக்கு ராணுவத்துக்கு வெளியில மாற்று வேலை.
5. 1-ஒய்: நாட்டுக்கே பெரிய ஆபத்து வந்தா மட்டும் கூப்பிடலாம்.
6. 4-எஃப்: உடம்போ மனசோ படிப்பறிவோ தகுதி இல்ல, வேண்டவே வேண்டாம்.

சரி, இதை யாரு முடிவு பண்றது? இங்கதான் விஷயமே இருக்கு. வாஷிங்டன்ல இருந்த தலைமை ஆபீஸ் மாசத்துக்கு இத்தனை பேர் வேணும்னு கணக்கு சொல்லும், அவ்வளவுதான், எந்த வீட்டுப் பையன்னு பொறுக்குறது அந்தந்த ஊர் போர்டு. நாடு முழுக்க சுமார் 4,000 போர்டு இருந்துச்சு. உறுப்பினர்களுக்கு சம்பளம் கிடையாது, ஊர்ப் பெரிய மனுஷங்க, பழைய ராணுவக்காரங்க, பெரும்பாலும் வயசான வெள்ளைக்காரங்க. ஒரே மாதிரி கேஸ் ரெண்டு பேருக்கு இருந்தா ஒரு ஊர் போர்டு விட்டுடும், பக்கத்து ஊர் போர்டு அனுப்பிடும்.

1967-ல அரசாங்கமே போட்ட ஆய்வுக் குழு எண்ணிப் பார்த்தப்ப போர்டு உறுப்பினர்கள்ல கறுப்பினத்தவர் 1.3 சதவீதம்தான். மக்கள்தொகையில அவங்க 11 சதவீதம். மிசிசிப்பி மாதிரி சில மாநிலத்துல ஒருத்தர் கூட இல்ல. லூசியானாவுல ஒரு பெரிய போர்டுக்குத் தலைவரா இருந்தவர் கூ க்ளக்ஸ் கிளான்ங்கற வெள்ளை இனவெறி அமைப்புல பெரிய பொறுப்புல இருந்தவர், 1966 வரைக்கும் அந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாடி போய் நின்னு எங்க அம்மாவுக்கு என்னை விட்டா ஆள் இல்லன்னு ஒரு கறுப்பினப் பையன் விளக்கம் சொல்லணும்.

ஜான்சன் எடுத்த முடிவு

வியட்நாம் போர்ல தென் வியட்நாம் பக்கம் அமெரிக்கா, எதிர்ப்பக்கம் கம்யூனிஸ்ட் வட வியட்நாம். 1964 ஆகஸ்ட்ல டோங்கின் வளைகுடாவுல வட வியட்நாம்காரங்க அமெரிக்கக் கப்பலைத் தாக்கிட்டாங்கன்னு செய்தி (ஆகஸ்ட் 4-ல நடந்ததா சொன்ன ரெண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லங்கறது பின்னாடி தெரிஞ்சுது). உடனே நாடாளுமன்றம், அங்க அதுக்குப் பேர் காங்கிரஸ், அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு என்ன வேணா செஞ்சுக்கோன்னு தீர்மானம் போட்டுக் குடுத்துடுச்சு. கீழவையில 416-க்கு 0, செனட்ல 88-க்கு 2. போர்ப் பிரகடனம்னு தனியா ஒண்ணு கடைசி வரைக்கும் வரவே இல்ல.

அந்த வருஷ முடிவுல வியட்நாம்ல இருந்த அமெரிக்க வீரர்கள் 23,000 பேர். 1965 முடிவுல 1,84,000. 1969 ஏப்ரல்ல 5,43,000. இத்தனை பேரை எங்கிருந்து கொண்டு வர்றது? ஜான்சனுக்கு ரெண்டு வழி இருந்துச்சு. ரிசர்வ் படையையும் நேஷனல் கார்டுங்கற மாநிலத் துணைப்படையையும் கூப்பிடலாம், அவங்க ஏற்கெனவே பயிற்சி எடுத்தவங்க, ஆனா எல்லாரும் வேலை, கடன், குழந்தைன்னு ஊர்ல செட்டில் ஆனவங்க, கூப்பிட்டா ஒவ்வொரு ஊர்லயும் ஓட்டுப் போடுற குடும்பம் கேள்வி கேட்கும், காங்கிரஸ்ல விவாதம் வரும், அப்பதான் நிறைவேத்திக்கிட்டிருந்த வறுமை ஒழிப்புத் திட்டமும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பணமில்லாம படுத்துடும். ரெண்டாவது வழி டிராஃப்ட் எண்ணிக்கையை ஏத்துறது. 18, 19 வயசுப் பையனுக்கு ஓட்டே கிடையாதே.

அவர் ரெண்டாவதைப் பிடிச்சார். 1965 ஜூலை 28-ம் தேதி, மாசத்துக்கு 17,000-ஆ இருந்த டிராஃப்ட் 35,000 ஆகும்னு அறிவிச்சார். என்னைக் கேட்டா இந்தப் பத்து வருஷத்துல நடந்த குழப்பத்துல பாதிக்கு விதை இந்த ஒரு முடிவுதான், போரை சத்தமில்லாம நடத்திடலாம்னு நினைச்சு அதோட பாரத்தை ஓட்டில்லாத பசங்க தலையில வச்சுட்டார்.

அடுத்த மாசமே ஒரு கூத்து. அதுவரைக்கும் குழந்தை இல்லாட்டியும் கல்யாணம் ஆனவங்களைக் கடைசியா கூப்பிடுவோம்னு சலுகை இருந்துச்சு. ஆகஸ்ட் 26-ம் தேதி ஜான்சன் கையெழுத்துப் போட்டு, இன்னிக்கு நடுராத்திரிக்கு மேல கல்யாணம் பண்ணா அந்தச் சலுகை இல்லன்னுட்டார். ஜோடி ஜோடியா லாஸ் வேகஸுக்கு ஓடினாங்க, ஏன்னா அங்கதான் ரத்தப் பரிசோதனையும் வேண்டாம் காத்திருக்கவும் வேண்டாம். அன்னிக்கு ராத்திரி அந்த கவுண்டியில 171 கல்யாணம். அதுல 67 ஒரே ஒரு நீதிபதி பண்ணி வச்சது.

தப்பிக்கற கதவு யாருக்குத் திறந்திருந்துச்சு

இந்தக் காலகட்டத்துல டிராஃப்ட் வயசுல இருந்தவங்க ரெண்டரைக் கோடிக்கும் மேல. டிராஃப்ட்ல எடுத்தது சுமார் 22 லட்சம் பேர். அதாவது பெரும்பாலானவங்க போகவே இல்ல. ஓடி ஒளிஞ்சவங்க, கனடாவுக்குப் போனவங்கன்னு ஆயிரக்கணக்குல இருந்தாங்கதான், ஆனா தப்பிச்சவங்கள்ல முக்கால்வாசிப் பேர் சட்டப்படியே தப்பிச்சவங்க. வழிகள் இப்படி:

1. காலேஜ்ல சேர்றது. 2-எஸ் கிடைக்கும். 1968 வரைக்கும் மேல்படிப்புக்கும் கிடைச்சுது. 1966-ல இருந்து வகுப்புல எத்தனாவது ரேங்க்னு போர்டுக்குத் தெரிவிக்கற முறையும் தனியா ஒரு பரீட்சையும் கொண்டு வந்தாங்க. வாத்தியார் மார்க்கைக் குறைச்சா பையனோட விலக்கே போயிடலாம்ங்கற நிலைமை. சிகாகோ பல்கலைக்கழகத்துல மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள்ள போய் உட்கார்ந்துட்டது இதுக்குத்தான்.

2. நேஷனல் கார்டுல சேர்றது. அவங்களைத்தான் பெரும்பாலும் வியட்நாமுக்குக் கூப்பிடறதில்லயே. அதனால சேர பெரிய கியூ, ஆளைத் தெரிஞ்சிருந்தா சீக்கிரம் இடம். கார்டுல கறுப்பினத்தவர் 1 சதவீதம் சொச்சம்தான்.

3. டாக்டர் சர்டிபிகேட். குடும்ப டாக்டர் இருக்கறவனுக்கு முதுகு வலி, காது கோளாறு எல்லாம் காகிதத்துல ஒழுங்கா பதிவாகியிருக்கும். இல்லாதவனுக்கு ராணுவ டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு சொல்றதுதான்.

இதுல எதுக்குமே வசதி இல்லாதவன் 1-ஏ. வெள்ளைக்கார ஏழைகளும் இதுல நிறைய மாட்டினாங்க, ஃபாக்டரி வேலை செய்யற குடும்பம், விவசாயக் குடும்பம், அதை மறந்துடக் கூடாது. ஆனா 1965, 66-ல போர்க்களத்துல செத்தவங்கள்ல கறுப்பினத்தவர் பங்கு 20 சதவீதத்தை ஒட்டி இருந்துச்சு. இது வெளிய வந்து சத்தம் கிளம்பினதுக்கு அப்புறம்தான் குறைஞ்சுது, போர் முடியறப்ப மொத்தக் கணக்குல 12 சதவீதம் சொச்சம்.

இந்த நேரத்துல பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா 1966 ஆகஸ்ட்ல ஒரு திட்டம் அறிவிச்சார், பேரு பிராஜெக்ட் 1,00,000. ராணுவ நுழைவுத் தேர்வுல ஃபெயில் ஆனவங்களையும் எடுப்போம், ஏழைப் பசங்களுக்குப் பயிற்சி குடுத்து முன்னேத்துவோம்னு சொன்னார். கேட்க சமூக நலத் திட்டம் மாதிரி இருக்கும். 1971 வரைக்கும் இதுல சேர்த்தது மூணரை லட்சம் பேர், சுமார் 40 சதவீதம் கறுப்பினத்தவர், சொன்ன பயிற்சி பெரும்பாலும் வரவே இல்ல, கணிசமான பேர் காலாட்படைக்குப் போனாங்க. காலேஜ் பசங்க மேல கை வைக்காம எண்ணிக்கையைத் தேத்துறதுக்கு இது ரொம்ப வசதியா இருந்துச்சுங்கறதுதான் நிஜம்.

சிவில் ரைட்ஸ் தலைவர்களுக்கு வந்த தர்மசங்கடம்

1965 மார்ச் 7, ஞாயித்துக்கிழமை. அலபாமாவுல செல்மா ஊர்ப் பாலத்து மேல ஓட்டுரிமை கேட்டு நடந்து போனவங்களைப் போலீஸ் தடியாலயும் கண்ணீர்ப் புகையாலயும் அடிச்சு விரட்டுச்சு. மறுநாள் மார்ச் 8, வியட்நாம்ல டா நாங் கடற்கரையில 3,500 மரீன் வீரர்கள் இறங்குறாங்க, ஜனநாயகத்தைக் காப்பாத்த. ஒரே அதிபர்தான் ரெண்டுக்கும் பொறுப்பு. இதே ஜான்சன்தான் 1964-ல கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தர்ற சிவில் ரைட்ஸ் சட்டம் கொண்டு வந்தவர், 1965 ஆகஸ்ட் 6-ல ஓட்டுரிமைச் சட்டத்துல கையெழுத்துப் போட்டவரும் இவர்தான், அதுக்கு முன்னாடி எந்த அதிபரும் இந்த அளவுக்குப் பண்ணினதில்ல. அப்ப அவரோட போரை எதிர்த்துப் பேசலாமா கூடாதா? பழைய தலைவர்கள்ல நிறைய பேர் கூடாதுன்னாங்க. நமக்கு வேலை நடக்கணும்னா வெள்ளை மாளிகையோட கதவு திறந்திருக்கணும்னாங்க.

இளைஞர்கள் முதல்ல உடைச்சாங்க. 1966 ஜனவரி 3-ம் தேதி, அலபாமா டஸ்கீகீ ஊர்ல சாமி யங்ங்கற 21 வயசு மாணவர், கடற்படையில வேலை பார்த்துட்டு வந்தவர், பெட்ரோல் பங்க்ல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு வச்சிருந்த கழிப்பறையை உபயோகிக்கப் போனதுக்காக சுட்டுக் கொல்லப்பட்டார். யூனிஃபார்ம் போட்டு நாட்டுக்கு உழைச்சவருக்கு ஊர்ல கழிப்பறை கூட கிடையாது. மூணாவது நாள் எஸ்.என்.சி.சி.ங்கற மாணவர் அமைப்பு வியட்நாம் போரை எதிர்த்து அறிக்கை விட்டுது, டிராஃப்ட்டுக்குப் போக மாட்டோம்ங்கறவங்களுக்கு எங்க ஆதரவுன்னு அதுல எழுதியிருந்தாங்க.

அந்த அமைப்புல இருந்த ஜூலியன் பாண்ட் அப்பதான் ஜார்ஜியா சட்டசபைக்கு ஜெயிச்சிருந்தார். அறிக்கையை ஆதரிச்சார்னு பதவியேற்க விடமாட்டோம்னு 184-க்கு 12 ஓட்டுல வெளிய நிறுத்திட்டாங்க. ஜனங்க ஓட்டுப் போட்டு ஜெயிச்ச ஆளை! டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒருமனதா சொல்லிச்சு, கருத்து சொன்னதுக்காக உறுப்பினரைத் தடுக்க முடியாது, உள்ள விடுன்னு.

கிங் 1967 ஏப்ரல் 4-ம் தேதி வரைக்கும் பெரிய அளவுல வாயைத் திறக்கல. அன்னிக்கு நியூயார்க் ரிவர்சைடு சர்ச்ல பேசினார். தென்மேற்கு ஜார்ஜியாவுலயும் கிழக்கு ஹார்லெம்லயும் தனக்கே கிடைக்காத சுதந்திரத்தை 8,000 மைல் தள்ளிப் போய் வேற நாட்டுக்காரனுக்கு வாங்கித் தர கறுப்பினப் பையனை அனுப்புறோம்ங்கறது அந்தப் பேச்சோட மையம். அதோட, வறுமை ஒழிப்புக்கு வச்ச பணம் போர்ல கரையுதுன்னார். பெரிய பத்திரிகைகள் தலையங்கம் எழுதித் திட்டுச்சு, என்.ஏ.ஏ.சி.பி.ங்கற பழைய கறுப்பின உரிமை அமைப்பு சிவில் ரைட்ஸ், போர் எதிர்ப்புன்னு ரெண்டு இயக்கத்தையும் ஒண்ணா கலக்கறது தப்புன்னு தீர்மானம் போட்டுச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1968 ஏப்ரல் 4-ல மெம்பிஸ்ல அவரை சுட்டுக் கொன்னாங்க. இன்னிக்கு எல்லாரும் ஷேர் பண்ற கிங் 1963-ல கனவு பத்திப் பேசின கிங், 67-ல பேசினவரை யாரும் தொடறதில்ல.

முகமது அலி கேஸ்: ஜெயிச்சது எதனால

இதுலதான் ஜனங்களுக்கு ரொம்பக் குழப்பம், அதனால படிப்படியா:

1. 1964-ல அலி ராணுவ எழுத்துத் தேர்வுல பாஸ் மார்க் வாங்கல, அதனால 1-ஒய். அப்புறம் ஆள் பத்தலன்னு பாஸ் மார்க்கைக் குறைச்சாங்க, 1966 பிப்ரவரியில அவர் 1-ஏ ஆயிட்டார். பரீட்சையைத் திரும்ப எழுதல, கோட்டைத்தான் கீழ இறக்கினாங்க.

2. அவர் மதக் காரணத்துக்காக விலக்கு கேட்டார். நேஷன் ஆஃப் இஸ்லாம்ங்கற கறுப்பின முஸ்லிம் அமைப்புல போதகர்னும் சொன்னார். போர்டு ஒத்துக்கல.

3. 1967 ஏப்ரல் 28, ஹியூஸ்டன். ஆள்சேர்ப்பு மையத்துல வரிசையா நிக்க வச்சு பேர் கூப்பிடுவாங்க, கூப்பிட்டவன் ஒரு அடி முன்னாடி எடுத்து வைக்கணும். அந்த ஒரு அடிதான் சட்டப்படி ராணுவத்துல சேர்ந்ததுக்கு அடையாளம், அதுக்கு முன்னாடி வரைக்கும் நீ சிவிலியன். காஷியஸ் கிளேன்னு பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவர் நின்ன இடத்துலயே நின்னார். மறுத்தா என்ன தண்டனைன்னு ஒரு அதிகாரி விளக்கிட்டு மறுபடி கூப்பிட்டார். அப்பவும் நகரல.

4. கோர்ட் தீர்ப்பு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, அன்னிக்கே, நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் லைசென்ஸைப் பிடுங்கிடுச்சு, பட்டமும் போச்சு. ஜூன்ல 5 வருஷ ஜெயில், 10,000 டாலர் அபராதம். ஆனா மேல்முறையீடு போயிட்டே இருந்ததால இந்தக் கேஸுக்காக அவர் ஜெயிலுக்குப் போகல. பாஸ்போர்ட் இல்ல, ரிங் இல்ல, 25 வயசுல இருந்து மூணரை வருஷம் சண்டை போட முடியல.

5. 1971 ஜூன் 28-ல சுப்ரீம் கோர்ட் 8-0ன்னு தண்டனையை ரத்து பண்ணிச்சு. நீதிபதி தர்குட் மார்ஷல் மட்டும் விலகிக்கிட்டார், கேஸ் ஆரம்பிச்சப்ப அரசாங்க வக்கீலா இருந்தவர் அவர்.

எதுக்கு ரத்து? விலக்குக்கு மூணு நிபந்தனை: எல்லாப் போரையும் எதிர்க்கணும், அது மத நம்பிக்கையா இருக்கணும், மனசார நம்பணும். அலி மூணுலயும் ஃபெயில்னு அரசாங்கத்தோட நீதி அமைச்சகம் சொல்லியிருந்துச்சு. சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்ததும் ரெண்டாவது மூணாவது சரிதான்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு. ஆனா எந்தக் காரணத்துக்காக மறுத்தோம்னு அப்பீல் போர்டு எங்கயும் எழுதி வைக்கல. தப்பான காரணத்துக்காகவும் மறுத்திருக்கலாம்ங்கறப்ப தண்டனை நிக்காது, கேஸ் முடிஞ்சுது. போர் சரியா தப்பான்னு கோர்ட் ஒரு வார்த்தை சொல்லல. காகித வேலையில இருந்த ஓட்டைதான் அவரைக் காப்பாத்துச்சு.

1968

ஜனவரி கடைசியில டெட் தாக்குதல், தென் வியட்நாம் முழுக்க நகரங்கள்ல கம்யூனிஸ்ட் படைகள் ஒரே நேரத்துல அடி. ராணுவக் கணக்குப்படி கம்யூனிஸ்டுகளுக்குத்தான் இழப்பு அதிகம், ஆனா போர் முடியப் போகுதுன்னு ஜான்சன் அரசு சொல்லிட்டிருந்த வார்த்தை செத்துப் போச்சு. மார்ச் 12, நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துல நடக்கற ஓட்டெடுப்பு) ஜான்சன் கட்சியிலயே இருந்த போர் எதிர்ப்பாளர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கறார், பதவியில இருக்கற அதிபருக்கு 49. மார்ச் 31-ல ஜான்சன் நான் நிக்கலன்னுட்டார். ஏப்ரல்ல கிங் கொலை, ஜூன்ல அதே வேட்பாளர் போட்டியில இருந்த ராபர்ட் கென்னடி கொலை. ஆகஸ்ட்ல ஜான்சனோட ஜனநாயகக் கட்சி சிகாகோவுல நடத்தின மாநாட்டுல வெளிய போலீஸ் அடி, உள்ள ஒரு பிரைமரியில கூட நிக்காத துணை அதிபர் ஹம்ப்ரிக்கு வேட்பாளர் பதவி. இந்தக் கோபத்துல விதியை மாத்தப் போய்தான், மாநிலம் மாநிலமா ஓட்டெடுத்து வேட்பாளரை முடிவு பண்ற இன்னிக்கு முறை வந்துச்சு.

நவம்பர் அதிபர் தேர்தல்ல குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன் 43.4, ஹம்ப்ரி 42.7, இனப் பிரிவினையை வெளிப்படையா ஆதரிச்ச ஜார்ஜ் வாலஸ் 13.5 சதவீதம், தெற்குல 5 மாநிலம் அவருக்கு. ஜான்சனோட சிவில் ரைட்ஸ் சட்டங்களுக்கு அவர் கட்சி குடுத்த விலை அது. நிக்சன் சட்டம் ஒழுங்குன்னும் பேசினார், டிராஃப்டை ஒழிப்பேன்னும் பேசினார். ரெண்டாவது வாக்குறுதி நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கறதில்ல.

366 நீலக் குப்பி

ஒழிக்கறதுக்கு முன்னாடி நிக்சன் அதை லாட்டரி ஆக்கினார். போர்டு பொறுக்கறதாலதானே சண்டை, பொறந்த தேதியைக் குலுக்கிப் போட்டுடலாம்னு. 1969 டிசம்பர் 1 ராத்திரி, வாஷிங்டன்ல டிவி கேமரா முன்னாடி, ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில 366 நீல பிளாஸ்டிக் குப்பி, ஒவ்வொண்ணுலயும் ஒரு தேதி எழுதின சீட்டு. முதல்ல எடுத்தது செப்டம்பர் 14. 1944-ல இருந்து 1950 வரைக்கும் அந்தத் தேதியில பொறந்தவங்கள்ல விலக்கு இல்லாத எல்லாருக்கும் முதல் அழைப்பு. கடைசி, 366-வது, ஜூன் 8. அந்த வருஷம் 195-ம் நம்பர் வரைக்கும் கூப்பிட்டாங்க.

அதுலயும் கோளாறு. ஜனவரி குப்பிகளை முதல்ல பெட்டியில போட்டு, அப்புறம் பிப்ரவரி, அப்புறம் மார்ச்சுன்னு ஒவ்வொண்ணா சேர்த்துக் கலக்கியிருக்காங்க, டிசம்பர் கடைசியா விழுந்ததால சரியா கலக்கவே இல்ல. ஜனவரித் தேதிகளோட சராசரி நம்பர் 201, டிசம்பருக்கு 121. டிசம்பர்ல இருக்கற 31 தேதியில 26 தேதி முன்பாதியிலயே வந்துடுச்சு. புள்ளியியல் வாத்தியார்கள் பாடம் நடத்த இன்னிக்கும் இதை எடுத்துக்கறாங்க. அடுத்த வருஷம் தேதிக்கு ஒரு உருளை, நம்பருக்கு ஒரு உருளைன்னு மாத்தினாங்க.

ஓட்டு வயசு, ரெண்டு காலேஜ்

1970 ஏப்ரல் 30-ல நிக்சன் கம்போடியாவுக்குள்ள படை அனுப்பினதா அறிவிச்சதும் காலேஜ்கள் கொதிச்சுது. மே 4, ஒஹாயோ கென்ட் ஸ்டேட்ல நேஷனல் கார்டு 13 நொடியில 67 ரவுண்டு சுட்டு 4 மாணவர்கள் செத்தாங்க. பதினோரு நாள் கழிச்சு மிசிசிப்பி ஜாக்சன் ஸ்டேட்ல, கறுப்பின மாணவர்கள் படிக்கிற காலேஜ், போலீஸ் சுட்டு 2 பேர் செத்தாங்க. முதல்ல சொன்னதுக்குப் பாட்டு, போட்டோ, நினைவு நாள் எல்லாம் உண்டு. ரெண்டாவது எத்தனை பேருக்குத் தெரியும்?

சாகற வயசு 18, ஓட்டுப் போடற வயசு 21-ஆங்கற கேள்விக்கு இதுக்கு மேல பதில் சொல்லாம இருக்க முடியல. 1971 மார்ச்ல காங்கிரஸ் நிறைவேத்தின 26-வது திருத்தத்தை ஜூலை 1-க்குள்ள தேவையான மாநிலங்கள் ஒத்துக்கிட்டாச்சு, அமெரிக்க அரசியல் சட்டத்துல இதை விட வேகமா வந்த திருத்தம் இல்ல. ஜான்சன் 65-ல கணக்குப் போட்ட அந்த ஓட்டில்லாத பையன் இப்ப வாக்காளர்.

முடிஞ்சது எப்படி

1973 ஜனவரி 27, பாரிஸ்ல சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான அன்னிக்கே இனி டிராஃப்ட் இல்லன்னு அறிவிப்பு வந்துச்சு. அதுக்குள்ள, அமெரிக்க வீரர்கள் மட்டும் 58,000 பேருக்கு மேல செத்த கணக்கு. வியட்நாம்காரங்க பல லட்சம்.

1977 ஜனவரி 21-ம் தேதி, பதவியேத்த மறுநாளே, ஜிம்மி கார்ட்டர் டிராஃப்ட்டுக்குப் போகாம ஏய்ச்சவங்களுக்குப் பொதுமன்னிப்பு குடுத்தார். கனடாவுக்குப் போனவன், பேரே பதியாதவன் எல்லாரும் திரும்ப வரலாம். ராணுவத்துல சேர்ந்துட்டுப் பாதியில ஓடினவங்களுக்கு அந்த மன்னிப்பு இல்ல. தகராறு பண்ணி மோசமான டிஸ்சார்ஜ் சீட்டோட வெளிய வந்தவங்களுக்கும் இல்ல, அவங்க தனித்தனியா மனு போட்டு கேஸ் கேஸா நிக்கணும். அந்தச் சீட்டை வாங்கினவங்கள்ல காலேஜ் முகம் பார்த்தவங்க ரொம்பக் கம்மி.